பேண்ட் இல்லாத மேடை: பாட்டெழுதிப் பாடுபவர் தனியாக வரும்போது எதைக் கேட்கிறோம்?

மிகவும் பிடித்த பாடகர் வருகிறார் என்று ஆசையாக டிக்கெட் எடுக்கப் போனால் அறிவிப்பு ஒரு மாதிரியாக இருக்கிறது. பகலில் பாட்டெழுதுவது பற்றி ஓர் உரை. மாலையில் தனிக் கச்சேரி. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, பின்னணிக் குரல்கள் கிடையாது. ஒரு கிதாரோ பியானோவோ, ஒரு மைக், அவர் ஒருவர். ரசிகர்களுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இது முழுக் கச்சேரிதானா, செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடா? பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு உரை எதற்கு? ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே பாடுவாரா, இல்லை ஏதாவது மாற்றிவிடுவாரா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம்: மாற்றித்தான் பாடுவார், மாற்றாமல் பாட வழியே இல்லை. மற்றவற்றுக்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மூன்று வேலை, ஒரே ஆள்

நாம் அதிகம் கேட்டு வளர்ந்தது சினிமாப் பாட்டு. அங்கே வேலை பிரிந்து கிடக்கிறது. இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார், கவிஞர் அந்த மெட்டுக்கு வரி எழுதுகிறார், பாடகர் வந்து பாடிக் கொடுக்கிறார். எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்பதை ஒழுங்குசெய்ய இன்னும் சிலர். பாடகருக்கு ஒரு வரி பிடிக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் அதை மாற்றும் உரிமை அவரிடம் இல்லை.

பாட்டெழுதிப் பாடுபவர் விஷயத்தில் மெட்டும் வரியும் குரலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கர்நாடக இசையில் வாக்கேயகாரர் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடம். ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது, எதை எடுத்துவிட்டு அதை வைத்தார் என்பது பாடுகிறவருக்கே தெரியும். மேடையிலேயே ஒரு வரியை மாற்றலாம், ஒரு சரணத்தைத் தூக்கிவிடலாம், வேகத்தைப் பாதியாக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உரை நிகழ்த்தும் தகுதி அவருக்கு வருவது இதனால்தான். சினிமாப் பாட்டுக்கு இப்படி ஒரு உரை வேண்டுமென்றால் குறைந்தது மூன்று பேரை மேடையேற்ற வேண்டியிருக்கும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது

பாட்டுக்கு நடுவே கதை சொல்வது எல்லா ஊர்களிலும் பழைய வழக்கம்தான். ஆனால் ‘எழுதியவரே வந்து எழுதிய விதத்தைச் சொல்லிப் பாடுவது’ என்று தனி நிகழ்ச்சியாக அது உருவெடுத்ததில் சில இடங்களுக்குப் பங்கு உண்டு.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே சுமார் 90 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன இடம். 1985 வாக்கில் அங்கே ஒரு பழக்கம் ஆரம்பித்தது. பாட்டெழுதுபவர்கள் நாலு பேர் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டாக முறைவைத்துப் பாடுவார்கள், அது எப்படிப் பிறந்தது என்றும் சொல்வார்கள். வேறு யாரோ பாடிப் புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் குரலிலேயே கேட்கலாம். கேட்பவர்கள் பேசினால் ‘உஷ்’ என்று அடக்கும் வழக்கத்துக்கும் அந்த இடம் பேர்போனது.

1990-களில் இங்கிலாந்துப் பாடகர் ரே டேவிஸ் தன் வாழ்க்கைக் கதையையும் பாட்டையும் கலந்து ஒரு சுற்றுப்பயணம் போனார். அதைப் பார்த்துத்தான் விஎச்1 தொலைக்காட்சி 1996-இல் ‘ஸ்டோரிடெல்லர்ஸ்’ தொடரை ஆரம்பித்தது. பிறகு 2017 அக்டோபர் முதல் 2018 டிசம்பர் வரை அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் ஆயிரம் இருக்கைகூட இல்லாத ஓர் அரங்கில், பெரும்பாலும் தனியாகவே, 236 முறை நிகழ்ச்சி நடத்தினார். ஸ்டேடியங்களை நிரப்புகிறவர் அவர். செலவைக் குறைக்கத்தான் தனியாக வருகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இதுவே போதிய பதில். செலவு குறைவது உண்மை, ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

உரையில் என்னதான் பேசுவார்கள்?

நல்ல உரை என்றால் பேச்சு ‘உத்வேகம்’ பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. மீதி நேரம் தொழில்நுட்பம்தான். பெரும்பாலும் நான்கு விஷயங்கள் வரும்.

1. வடிவம். வெர்ஸ் என்பது கதையை நகர்த்தும் பகுதி. ஒவ்வொரு முறையும் வரி மாறும், மெட்டு மாறாது. கோரஸ் திரும்பத் திரும்ப வரும் பகுதி. வரியும் மெட்டும் இரண்டுமே மாறாது. பிரிட்ஜ் என்பது பாட்டின் பிற்பகுதியில் ஒரே ஒரு முறை வந்து, மெட்டையும் பார்வையையும் திருப்பிவிட்டுப் போகும் பகுதி. ஹூக் என்பது கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் துண்டு. வரியாகவும் இருக்கலாம், நாலு ஸ்வரமாகவும் இருக்கலாம். கோரஸே இல்லாமல் வெர்ஸை மட்டும் அடுக்கிக்கொண்டு போகும் பாட்டுகளும் உண்டு. பழைய கதைப்பாடல்கள் பல அப்படித்தான். நம் பல்லவி, சரணத்தோடு இவற்றை ஓரளவு பொருத்திப் பார்க்கலாம், முழுக்கப் பொருந்தாது.

2. சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள பொருத்தம். உரையின் கனமான பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும்கூட. ஆங்கிலத்தில் சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பது முக்கியம். ‘ரெக்கார்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: அழுத்தம் முன்னால் விழுந்தால் பெயர்ச்சொல், பின்னால் விழுந்தால் வினைச்சொல். தாளத்தின் அடி தப்பான அசையில் விழுந்தால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார், அதற்குள் அடுத்த வரி போய்விடும். தமிழில் இந்தச் சிக்கல் குறில் நெடிலில் வருகிறது. நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தில் ‘கல்’ என்று வைத்தால் காதில் ‘கால்’ என்று விழும். ‘படம்’ இழுபட்டால் ‘பாடம்’. உச்ச ஸ்தாயியில் எந்த உயிரெழுத்து வருகிறது என்பதும் சாதாரண விஷயம் இல்லை. ‘ஆ’ என்று வாயைத் திறந்து பாடுவது எளிது. அதே உயரத்தில் ‘இ’ வந்தால் தொண்டை இறுகும். பொருளில் மிக அழகான ஒரு சொல் இந்த ஒரே காரணத்துக்காக வெளியேற்றப்படும். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் ஒரு வரி பாடும்போது ஏன் அடித்துத் தூக்குகிறது என்பதற்கு விடை பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

பொருத்தத்துக்குப் பாடப்புத்தக உதாரணம் கனடாவின் பாட்டெழுதிப் பாடுபவர் லெனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’. முதல் வெர்ஸில் நான்காவது, ஐந்தாவது, மைனர், மேஜர் என்று கார்டுகளின் (பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் சேர்க்கைகளின்) பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். அவர் பெயர் சொல்லும் அதே கணத்தில் கிதாரில் அதே கார்டு விழும். இசை இலக்கணம் தெரியாதவர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஆனாலும் ஏதோ சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும்.

3. டம்மி வரிகள். மெட்டு முதலில் வந்துவிட்டால் அதைப் பிடித்து வைக்க ஏதாவது சொல் வேண்டும். நம்மவர்கள் ‘தன்னன்னா’ என்று தத்தகாரம் போடுவார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ‘யெஸ்டர்டே’ மெட்டோடு தூக்கத்திலிருந்து எழுந்தபோது, அதில் தற்காலிகமாக வைத்த சொற்கள் ‘ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’. முட்டைப் பொரியல்! ஆங்கில உச்சரிப்பில் அதற்கும் மூன்று அசை, பின்னால் வந்த ‘யெஸ்டர்டே’வுக்கும் மூன்று அசை. சரியான வரி கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காத்து நின்றது முட்டைதான். டம்மி வரி வேடிக்கைக்காக மட்டும் இல்லை. எத்தனை அசை, எங்கே அழுத்தம், எந்த உயிரெழுத்து என்ற கணக்கு முழுவதும் அதில் பதிந்திருக்கும்.

4. வெட்டியது. என்னைக் கேட்டால் உரைக்குப் போவதன் பெரிய லாபம் இதுதான். ‘ஹல்லேலூயா’வுக்கு கோஹன் எழுதிக் குவித்த சரணங்கள் 80-க்கும் மேல் இருக்கும் என்பார்கள். பாட்டில் நாம் கேட்பது விரல்விட்டு எண்ணக்கூடியவை. பேச்சாளர் தன் பழைய நோட்டைத் திறந்து, அடித்துவிட்ட வரியைப் படித்து, ஏன் அடித்தேன் என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடம் போதும். முடிந்த பாட்டை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். முடியாத பாட்டைக் காட்ட அவரைத் தவிர ஆளில்லை.

எதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது

உரையில் ஒரு பகுதியைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்பது நல்லது: ‘இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது’ என்ற கதை. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. ஒரே கதையைப் பல ஊர்களில் சொல்லிச் சொல்லி அதுவே ஒரு பாட்டுப்போல மெருகேறிவிடும். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறார்கள். ஸ்பிரிங்ஸ்டீனின் பிராட்வே பேச்சு எழுதி வைத்த பேச்சு. பெரிய மாற்றம் இல்லாமல் இரவுக்கிரவு அதையே சொன்னார். அதிலேயே அவர் போட்டுடைத்த உண்மையும் இருக்கிறது: வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையையும் உழைப்பையும் பற்றி எழுதிய தான் ஒரு தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்றார். ஊரைவிட்டு ஓடுவதைப் பற்றிப் பாடிய மனிதர், இப்போது இருப்பது சொந்த ஊரிலிருந்து பத்து நிமிட தூரத்தில் என்றும் சொன்னார். பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது பாடகர்தான் என்று நினைக்கிற ரசிகர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது எழுதியவருக்கே முழுக்கத் தெரியாது என்பதற்கு நீதிமன்றச் சாட்சியே உண்டு. மெக்கார்ட்னி தன் கனவு மெட்டை ஊரெல்லாம் பாடிக் காட்டி, ‘இது யாருடையதாவது இருக்குமோ’ என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். யாரும் உரிமை கோரவில்லை. அதே குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’ மெட்டு, அதற்கு முன்பே வந்திருந்த ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ பாட்டோடு ஒத்துப்போவதாக வழக்கு வந்தது. வேண்டுமென்று திருடவில்லை, ஆனால் தன்னையறியாமல் நகலெடுத்திருக்கிறார் என்று 1976-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

பாப் டிலனுக்கு 2016-இல் இலக்கிய நோபல் கிடைத்தபோது விதிப்படி ஓர் உரை தர வேண்டியிருந்தது. 2017 ஜூனில்தான் கொடுத்தார். தன் பாட்டுகளுக்கு விளக்கம் சொல்வார் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். இளம் வயதில் கேட்ட பாடகர் பட்டி ஹாலியையும் படித்த மூன்று புத்தகங்களையும் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, ஒரு பாட்டுக்கு என்ன பொருள் என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். பாட்டு வரிகள் பாடுவதற்குத்தான், தாளில் வைத்துப் படிப்பதற்கு இல்லை என்றும் சொன்னார். பாட்டெழுதுவது பற்றிய உரை எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை.

மாலைக் கச்சேரி: தனியாக வாசிக்கும்போது என்ன மாறுகிறது

சரி, இப்போது மேடைக்கு வருவோம். மறுபடியும் ‘ஹல்லேலூயா’தான். 1984-இல் சிந்தசைசரும் கூட்டுக் குரல்களுமாக வந்த அதன் ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட கோஹனின் பெரிய இசை நிறுவனமே மறுத்துவிட்டது. பாட்டும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1991-இல் ஜான் கேல் பியானோவும் குரலும் மட்டுமாக அதைப் பாடினார். சரணங்களைக் கேட்டபோது கோஹன் பக்கம் பக்கமாக ஃபேக்ஸில் அனுப்பினார், கேல் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டார். அதைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994-இல் ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிதாரோடு பாடினார். உலகம் முழுக்கப் பாட்டு பரவியது இந்த இரண்டு தனி வடிவங்களிலிருந்துதான். பந்தலின் துணியும் தோரணமும் கழன்றபோதுதான் கால்கள் எவ்வளவு உறுதி என்று தெரிந்தது.

பேண்டை எடுத்துவிட்டால் நடக்கும் மாற்றங்களை வரிசையாகச் சொல்லலாம்.

1. தாளப் பொறுப்பு கட்டைவிரலுக்கு வருகிறது. கிதாரின் மேல்பக்கத்துத் தடித்த தந்திகளில் கட்டைவிரல் மாறி மாறித் தட்டுவது பேஸ் கிதாரின் வேலை. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைக் கோக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். டிரம்ஸ் இல்லாததால் வேகம் பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்காக அரை நொடி நிற்கலாம். ரெக்கார்டில் ஓடிப்போன ஒரு வரி நேரில் உறைப்பது பெரும்பாலும் இந்த நிற்றலால்தான்.

2. சுருதி மாறும். கிதாரின் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்புக்கு கேப்போ என்று பெயர். ஒவ்வொரு கட்டம் மேலே நகர்த்தினாலும் அரை ஸ்வரம் ஏறும், விரல்களின் பிடி மட்டும் அப்படியே இருக்கும். வயதாகிக் குரல் இறங்கிய பாடகர் கேப்போவை இரண்டு கட்டம் இறக்கினால் பழைய பிடியிலேயே பாட்டைப் பாடிவிடலாம். இருபது வயதில் கத்திப் பாடிய பாட்டு அறுபது வயதில் பேசுவதுபோல் கேட்பதற்கு, அனுபவம் பாதிக் காரணம் என்றால் கேப்போ மீதிக் காரணம்.

3. தந்திகளின் சுருதியையே மாற்றுவது. பாடகி ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. அதனால் பலம் குறைந்த இடது கையால் வழக்கமான கார்டுகளைப் பிடிப்பது சிரமம். தந்திகளையே வேறுவிதமாக முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டால் எளிய பிடியிலேயே விசித்திரமான கார்டுகள் வரும். அப்படி 50-க்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகளை அவர் பயன்படுத்தினார். அவர் பாட்டின் தனி நிறத்துக்கு ஒரு காரணம் இது. பார்வையாளருக்கு இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருக நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிரப்பத்தான் பாதிக் கதைகள். ஒரே சுருதியில் இருக்கும் பாட்டுகள் அடுத்தடுத்து வருவதற்கும் காரணம் அதுதான்.

4. குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒலிக்கோப்பைச் சுருக்கும் எம்பி3 வடிவத்தை உருவாக்கியபோது ஜெர்மானியப் பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் சோதனைக்குப் பயன்படுத்திய பாட்டுகளில் முக்கியமானது சுசான் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’. வாத்தியமே இல்லாத தனிக் குரல். மற்ற பாட்டுகளில் மறைந்துபோன சுருக்கக் குறைகள் அந்தக் குரலில் பளிச்சென்று தெரிந்தன. மனிதக் காது தனிக் குரலில் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். தனிக் கச்சேரியில் மூச்சிழுப்பும் தந்தியில் விரல் உரசும் ஒலியும் சேர்ந்துதான் கேட்கும். ஒன்றிரண்டு பிசிறும் இருக்கும். பிசிறைப் பொறுக்காதவர்களுக்கு ஆல்பம் இருக்கிறது.

உரிமையும் பணமும்

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, வரியும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு. இன்னொன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய முடிந்தது இதனால்தான்: பழைய பதிவுகள் வேறொருவர் கையில் இருந்தன, ஆனால் பாட்டுகளை எழுதியவர் அவர்.

மேடையில் நேரடியாகப் பாடும்போது ஒலிப்பதிவு உரிமைக்கு வேலையே இல்லை. படைப்பு உரிமை மட்டும்தான் கணக்கில் வரும். எழுதியவரே பாடினால் கச்சேரிச் சம்பளம் ஒரு பக்கம். பொது நிகழ்ச்சிகளுக்கான உரிமத்தொகையை வசூலிக்கும் சங்கங்கள் இருக்கும் நாடுகளில், பாடிய பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்தால் எழுதியவர் பங்கு இன்னொரு பக்கம். கூடவே, சம்பளம் கொடுக்க பேண்ட் இல்லை, வண்டி நிறையச் சாமான் இல்லை. சின்ன அரங்கிலும் கட்டுப்படியாகும்.

போகிறவர்களுக்கு

உரைக்குப் பிறகு கேள்வி நேரம் இருந்தால், ‘இந்தப் பாட்டு யாரைப் பற்றியது?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஏற்கெனவே நூறு முறை சொன்ன பதிலே வரும். வேலை சார்ந்த கேள்விக்குத்தான் ஆள் நிமிர்ந்து உட்காருவார்: எந்த வரி கடைசியாகச் சரிவந்தது? பிரிட்ஜ் முதலிலிருந்தே இருந்ததா, பின்னால் வந்ததா? இப்போது பாடாமல் விட்டுவிடும் சரணம் எது, ஏன்?

மாலையில் இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் பாடகரின் கிதார் கழுத்துப் பக்கம், அதாவது வலதுகைக்காரர் என்றால் நாம் மேடையைப் பார்க்கையில் வலப்புறம், உட்காருவது நல்லது. இடது கைப் பிடியும் கேப்போவும் தெரியும். பகலில் பேசிய பாட்டு மாலையில் வந்தால் அவர் குறிப்பிட்ட அந்தச் சொல் வரும் இடத்துக்காகக் காத்திருங்கள். அப்புறம், போனில் பதிவு செய்யாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டால் அதற்கும் காரணம் உண்டு. தனிக் கச்சேரியில்தான் பலரும் இன்னும் முடியாத புதுப் பாட்டைப் பாடிப் பார்ப்பார்கள். நாளைக்கு இரண்டாவது சரணத்தைத் தூக்கிவிடலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, இன்றிரவே அது இணையத்தில் ஏறிவிட்டால் ஊர் முழுக்க அதையே அசல் என்று பாட ஆரம்பித்துவிடும்.